கான்பெரா வேவு விமானம்: வெற்றிட வார்ப்பு மாற்றுத் தொகுதியைக் கையாளும் முறை

இதுவரை வந்த அத்தியாயங்களில், பெட்டியில் கிடைக்கும் பாகங்களை வந்தபடியே பொருத்தி முடிக்கும் மாதிரி விமானங்களைப் பற்றியே சொல்லி வந்தேன். இப்போது எடுத்துக்கொள்ளும் வேலை வேறு வகையைச் சேர்ந்தது. குண்டுவீச்சு விமானம் ஒன்றின் பிளாஸ்டிக் மாதிரியைக் கழுத்தருகே அறுத்து, அதன் முன்பாகத்தை அகற்றி, வெற்றிட வார்ப்பு முறையில் செய்யப்பட்ட வேறொரு முன்பாகத்தை அவ்விடத்தில் ஏற்றி, படம்பிடிக்கும் வேவு விமானமாக அதை மாற்றுவதே இந்த அத்தியாயத்தின் விஷயம். இதற்கு அசாதாரணமான கைத்திறன் எதுவும் வேண்டியதில்லை. அளவுகோலை நம்புகிற மனமும் அவசரப்படாத கையும் இருந்தால் போதும் என்பது என் அநுபவம்.

உதாரணத்துக்கு இங்கிலீஷ் எலெக்ட்ரிக் கம்பெனியாரின் கான்பெராவை எடுத்துக்கொள்கிறேன். பெட்டர் என்ற வடிவமைப்பாளர் உருவாக்கிய இந்த இரட்டை ஜெட் விமானத்தை, 1949 மே 13ஆம் தேதி ரோலண்ட் பீமாண்ட் முதன்முதலாக ஆகாயத்தில் ஏற்றினார். பதினொரு மாதம்கூட நிறைவதற்கு முன், 1950 மார்ச் 19 அன்று, பி.ஆர்.3 என்னும் அதன் வேவு ரூபமும் பறந்துவிட்டது. இவ்வளவு சீக்கிரத்தில் அது எப்படிச் சாத்தியமாயிற்று என்பதை மாதிரி செய்கிறவன் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். அவர்கள் புதிய விமானம் ஒன்றைப் படைக்கவில்லை. கையில் இருந்த குண்டுவீச்சு விமானத்தின் உடலில், இறக்கைக்கு முன்னால், 14 அங்குல நீளமுள்ள ஒரு துண்டைச் சேர்த்துக் காமிராக்களுக்கு இடம் உண்டாக்கினார்கள். குண்டறையின் முற்பகுதியை எரிபொருளுக்குக் கொடுத்து, பிற்பகுதியை இராப் படப்பிடிப்புக்கான ஒளிக்குண்டுகளுக்கு வைத்துக்கொண்டார்கள். குண்டு குறிபார்ப்பவனுக்காக மூக்குக் கண்ணாடியில் இருந்த தட்டையான ஜன்னல் இனித் தேவையில்லை என்று அதை எடுத்துவிட்டார்கள். ஆகவே நாம் மேஜைமேல் செய்யப்போகும் மாற்று வேலை, அவர்கள் பட்டறையில் செய்த மாற்று வேலையின் சிறு பிரதியே ஆகும். எதை எதற்காக மாற்றினார்கள் என்ற காரணம் மனத்தில் நின்றுவிட்டால், தொகுதியோடு வருகிற குறிப்புத்தாள் மங்கலாக இருந்தாலும் கை வழி தவறாது.

அந்தப் பி.ஆர்.3 வகையைச் சேர்ந்த விமானம் ஒன்றுதான், 1953 அக்டோபரில் லண்டனிலிருந்து நியூஸிலாந்தின் கிரைஸ்ட்சர்ச் நகருக்கு நடந்த ஆகாயப் பந்தயத்தில், 24 மணி நேரத்துக்குச் சில நிமிஷங்கள் குறைவாகவே எடுத்துக்கொண்டு முதலில் போய் இறங்கியது. பிறகு சக்தி மிகுந்த ஏவான் 109 எஞ்சின்களோடு பி.ஆர்.7 வந்தது. அதனையே உஷ்ணப் பிரதேசத்துக்கு ஏற்றபடி திருத்திய பி.ஆர்.57 விமானங்கள் எட்டினை 1957இல் நம் இந்திய விமானப்படை வாங்க ஏற்பாடு செய்தது. ஆக்ராவிலிருந்து 106ஆம் ஸ்குவாட்ரன் அவற்றைப் பறக்கவிட்டது. 2007 மே 11 அன்றுதான் நம் நாட்டுக் கான்பெராக்கள் ஓய்வு பெற்றன. அரை நூற்றாண்டு ஊழியம் செய்த அந்த விமானத்துக்கு நம்மவர் அலமாரிகளில் ஓர் இடம் இருக்கத்தான் வேண்டும் என்பது என் ஆசை.

மூல மாதிரியைத் தேர்ந்தெடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். பி.2 அல்லது பி.6 வகை மாதிரியே நமக்கு வேண்டியது, பி.ஆர்.7க்கும் பி.6க்கும் எஞ்சின் ஒன்றே ஆகையால் பி.6 கிடைத்தால் மிகவும் உத்தமம். இந்திய விமானப்படையின் குண்டுவீச்சு ரகமான பி(ஐ)58இன் மாதிரியை, இந்தியச் சின்னங்கள் பெட்டியிலேயே இருக்கின்றன என்ற ஆசையால் வாங்கிவிடாதீர்கள். அதில் விமானியின் கண்ணாடி மூடி போர்விமானத்தில் இருப்பதுபோல் சிறியதாக இடப்பக்கம் ஒதுங்கியிருக்கும். நம் வேவு விமானத்திலோ பெரிய குமிழ் போன்ற மூடி உண்டு.

இனி வெற்றிட வார்ப்பின் தன்மையைப் பார்ப்போம். பாலிஸ்டைரின் தகடு ஒன்றைச் சட்டத்தில் மாட்டி, அது இளகித் தொய்யும் வரை சூடேற்றி, அச்சின்மேல் கவித்து, அடியிலிருந்து காற்றை உறிஞ்சினால், வெளிக்காற்றின் அழுத்தம் தகட்டை அச்சோடு அப்பிவிடுகிறது. மேட்டு அச்சின்மேல் கவித்த தகட்டில் அச்சைத் தொட்ட உட்புறம் கூர்மையாக இருக்கும்; நாம் பார்க்கும் வெளிப்புறமோ போர்வை போர்த்தியதுபோல் விளிம்புகள் மழுங்கியிருக்கும். அதோடு, அச்சைச் செய்தவர் தகட்டின் கனத்தைக் கணக்கில் கொள்ளாதிருந்தால், 1 மி.மீ. தகடு விமானத்தின் விட்டத்தில் 2 மி.மீ. கூட்டிவிடும். பள்ள அச்சில் செய்ததானால் இந்தத் தொல்லை இல்லை. இன்னொரு குணமும் உண்டு: தகடு எங்கே அதிகமாக இழுபட்டதோ அங்கே மெலிந்துபோகிறது. வாங்கிய தகட்டை விளக்குக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். பக்கச் சுவர்கள் ஒளியைத் தடுத்து வெண்மையாக நிற்க, ஆழமான மூலைகள் மட்டும் பால் கலந்த தண்ணீர்போல் ஒளியை ஊடுருவவிடும். அவ்விடங்களைப் பென்சிலால் புள்ளியிட்டு வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேய்க்கும்போதும் திரவப் பசை இடும்போதும் அங்கே விசேஷ ஜாக்கிரதை தேவைப்படும்.

கத்தியைத் தொடுமுன் கணக்கை முடித்துவிட வேண்டும். வேவு கான்பெராவின் நீளம் 66 அடி 8 அங்குலம். குண்டுவீச்சு விமானத்தின் நீளம் 65 அடி 6 அங்குலம். 1/72 அளவில் முன்னது 282 மி.மீ., பின்னது 277 மி.மீ. ஆகவே நாம் படுகிற பிரயாசை அத்தனைக்கும் நீளத்தில் கிடைக்கும் பலன் ஏறக்குறைய 5 மி.மீ. மாத்திரமே. இது அற்பம் என்று தோன்றலாம். ஆனால் கான்பெராவின் உடல் நேரான குழல்போல் அமைந்தது. இறக்கைக்கு முன்னால் அந்தக் கழுத்து எவ்வளவு நீண்டிருக்கிறது என்பதில்தான் குண்டுவீச்சு விமானத்துக்கும் வேவு விமானத்துக்கும் உள்ள முகபாவ வேற்றுமை தங்கியிருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், அளவு தெரியாதவர்கூட ஒன்று சற்றுக் கழுத்தை நீட்டியிருப்பதைக் கண்டுகொள்வார். எனவே வெட்டி எடுக்கப்போகிற பழைய முன்பாகத்தின் நீளத்தையும், ஏற்றப்போகிற புதிய முன்பாகத்தின் நீளத்தையும் வெர்னியர் காலிப்பரால் அளந்து, வித்தியாசம் 5 மி.மீ. வருகிறதா என்று பாருங்கள். மூன்றுதான் வருகிறது என்றால், 1 மி.மீ. தகட்டில் இரண்டு வளையங்கள் வெட்டி இணைப்பில் இடையே வைத்துக்கொள்ளலாம். ஆறு வருகிறது என்றால் பின்விளிம்பைத் தேய்த்துக் குறைக்கலாம். வார்த்துக் கொடுத்தவரும் மனிதரே. அவர் அளவும் நம் அளவும் மாறுபட்டால், உண்மை விமானத்தின் அளவையே பிரமாணமாகக் கொள்வது முறை.

அடுத்து, தகட்டிலிருந்து பாகத்தை விடுவிக்கும் வேலை. இந்த முறையின் உயிர்நாடி இதுவே ஆகையால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பாகத்தின் சுவர் தகட்டின் தட்டையான பரப்பைச் சந்திக்கிற மூலையில், கூராகச் சீவிய பென்சிலைச் சாய்த்துப் பிடித்து, சுற்றிலும் ஒரு கோடு இழுங்கள். மை வேண்டாம், மை சில வேளை வர்ணத்தையும் மீறி மேலே கசிந்து வரும். கோட்டுக்கு வெளியே, புதிய ப்ளேடு மாட்டிய கத்தியை 45 டிகிரி சாய்வாகப் பிடித்து, அழுத்தாமல் இரண்டு மூன்று தடவை கீறுங்கள். தகட்டை முழுவதும் அறுத்துவிட முயல வேண்டாம். பாதி ஆழம் கீறிவிட்டு, முன்னும் பின்னும் மெதுவாக வளைத்தால் 'டக்' என்று முறிந்து, பாகம் கையோடு வந்துவிடும்.

வந்த பாகத்தின் அடியில், தகட்டின் கனத்துக்குச் சமமான ஒரு விளிம்பு இன்னும் மிச்சம் இருக்கும். அது போனால்தான் பாதி உடல் உண்மையில் பாதி உடலாகும். கண்ணாடிப் பலகை ஒன்றின்மேல் 240 நம்பர் வாட்டர் பேப்பரை ஈரப்படுத்தி விரித்து, பாகத்தின் முதுகில் மாஸ்கிங் டேப்பைக் கைப்பிடிபோல் மடித்து ஒட்டிக்கொண்டு, எட்டு வடிவத்தில் சுழற்றித் தேயுங்கள். பத்துப் பதினைந்து சுற்றுக்கு ஒருமுறை பாகத்தை முன்பின்னாகத் திருப்பிப் பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் விரல் அழுந்தும் முனை மட்டும் அதிகமாகக் குறைந்துபோகும். தேயத் தேய அந்த விளிம்பு மெலிந்து, வெங்காயச் சருகுபோல் ஒளி புகும் ஏடாகி, ஓரிடத்தில் தானே கிழிந்து சுருளும். அந்தக் கணத்தில் கையை நிறுத்துங்கள். சருகை நகத்தால் உரித்துவிட்டுப் பார்த்தால், முன்பு இழுத்த பென்சில் கோடு விளிம்பில் மெல்லிய சாம்பல் இழையாக நிற்கும். அந்த இழை நிற்கும் வரை அளவு சரி. அது மறைந்த இடத்தில் நாம் விமானத்தையே தேய்த்திருக்கிறோம் என்று அறிக. கடைசிச் சில சுற்றுகளை 400 நம்பர் தாளில் செய்வது நலம்.

என் முதல் முயற்சியில் இந்த இழையைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. வழவழப்பாக வந்தால் சரி என்று எண்ணி இரு பாதிகளையும் தேய்த்துக்கொண்டே போனேன். இரண்டையும் சேர்த்துப் பார்த்தபோது முன்பாகம் வட்டமாக இராமல், பக்கவாட்டில் அமுங்கிய முட்டைபோல் குறுகியிருந்தது. அதை மூல உடலோடு வைத்தபோது மேலும் கீழும் பொருந்த, இரு பக்கங்களும் உள்ளே விழுந்தன. பாதிகளுக்கு நடுவே அரை மி.மீ. பட்டை ஒன்றை முழு நீளத்துக்கும் ஒட்டித்தான் அதைக் காப்பாற்ற முடிந்தது. அப்படி ஒரு பிழை நேர்ந்துவிட்டால் நீங்களும் அதையே செய்யலாம். பாகத்தைத் தூக்கி எறிய வேண்டியதில்லை.

மூல மாதிரியை அறுப்பது ஒப்புநோக்கில் எளிது. இறக்கையின் முன்விளிம்புக்கு முன்னால், உடல் இன்னும் ஒரே விட்டமுள்ள குழலாக இருக்கும் இடத்தில், தொகுதியின் படம் காட்டுகிற தகட்டுக் கோட்டை ஒட்டி மாஸ்கிங் டேப்பைச் சுற்றி, அதன் விளிம்பே வழிகாட்ட, மெல்லிய பல்லுள்ள ரம்பத்தால் அறுங்கள். டேப்பின் இரு முனைகளும் சுற்றி வந்து துல்லியமாக ஒன்றன்மேல் ஒன்று படிந்தால்தான் வெட்டு அச்சுக்கு நேராக இருக்கிறது என்று அர்த்தம். கோட்டுக்கு அரை மி.மீ. வெளியே அறுத்து, மிச்சத்தைத் தேய்த்து எடுப்பதே வழக்கம்.

இப்போது ஒரு அபிப்பிராயபேதம் எழுகிறது. புதிய முன்பாகத்தின் இரு பாதிகளையும் முதலில் சேர்த்து முழுக் குழலாக்கி, பிறகு குழலோடு குழலை இணைப்பது சிலர் வழக்கம். நான் அப்படிச் செய்வதில்லை. இடப்பாதியோடு இடப்பாதியையும், வலப்பாதியோடு வலப்பாதியையும் கண்ணாடிப் பலகையின்மேல் கவிழ்த்து வைத்து இணைத்தபின், நீண்ட இரு பாதிகளையும் ஒன்றுசேர்ப்பதையே சிபாரிசு செய்கிறேன். குழலோடு குழலை வைக்கும்போது மூக்கு ஒரு டிகிரி இடமோ வலமோ சாய்ந்துவிட்டால், கண்ணுக்கு அது உடனே தெரிவதில்லை. இறக்கை ஏறிய பிறகு தெரிகிறது, அப்போது செய்வதற்கு ஒன்றுமில்லை. கண்ணாடியின் சமதளமோ பாதிகளை நேராக வைத்திருப்பதற்குத் தானே ஜாமீன் நிற்கிறது.

வார்ப்புத் தகட்டின் சுவர் மெல்லியது, மூல மாதிரியின் சுவர் தடித்தது. இரண்டும் வெளிப்புறத்தில் சமமாக வர வேண்டும். இதற்காக, கழிவுத் தகட்டிலிருந்து 5 மி.மீ. அகலமும் 10 மி.மீ. நீளமும் உள்ள பட்டைகளை வெட்டி, அவற்றில் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி மூல உடலின் உட்புறத்தில் நெருக்கமாக ஒட்டுங்கள். நீட்டிய பாதியின்மேல், சுவர்களின் கன வித்தியாசத்துக்குச் சமமான இன்னொரு துண்டை ஒட்டி உயர்த்தினால், வார்ப்புப் பாகம் அதன்மேல் ஏறி உட்காரும்போது வெளிப்பரப்பு படியில்லாமல் அமையும். நீண்ட இணைப்பு ஓரங்களிலும் இதே மாதிரிப் பட்டைகள் வேண்டும். வட்டத் தடுப்புச் சுவர்கள் இரண்டாவது உள்ளே வைப்பது அவசியம். இல்லாவிட்டால் தேய்க்கும்போது மெல்லிய சுவர் விரலுக்கடியில் அமுங்கி எழும், அப்போது பட்டி விண்டு உதிரும். திரவப் பசையை இணைப்பின்மேல் தூரிகையால் ஒரு தொடுதொட்டு, அது தானே இழுத்துக்கொள்ளும்படி விட வேண்டும். அதிகமாக ஊற்றினால் மெல்லிய தகடு இளகி உள்வாங்கிவிடும். நீங்கள் புள்ளியிட்ட மெலிந்த இடங்களில் இந்த அபாயம் இன்னும் அதிகம்.

உடலை மூடுமுன் இரண்டு காரியங்கள் உண்டு. முதலாவது காமிரா ஜன்னல்கள். படத்தைப் பார்த்து அவற்றின் நடுப்புள்ளியைக் குறித்து, சிறிய துளையாகத் துளைத்து, உருட்டு அரத்தால் வெளியிலிருந்து உள்நோக்கிப் படிப்படியாக அகலப்படுத்துங்கள். ஒரேயடியாகப் பெரிய துளையிட்டால் மெல்லிய தகடு பிளந்துபோகும். உட்புறத்தில் ஒவ்வொரு துளையைச் சுற்றியும் ஒரு சிறு வளையத்தை ஒட்டிவிட்டால், பின்னால் கண்ணாடி வில்லை அமரத் திட்டு கிடைக்கும். வளையத்துக்குப் பின்னால் கறுப்பு வர்ணம் பூசிய ஒரு சிறு பெட்டியையும் ஒட்டுங்கள், இல்லாவிட்டால் ஜன்னல் வழியே காலி உடல் தெரியும். எதற்காக அந்த விமானம் 14 அங்குலம் வளர்ந்ததோ அந்தக் காரணமே இந்தச் சில ஜன்னல்கள்தாம். ஆகவே இங்கே ஒரு மாலைப் பொழுது முழுவதும் செலவானாலும் அது வீண் அல்ல.

இரண்டாவது எடை. மூன்று சக்கரங்களில் மூக்குயர்த்தாமல் நிற்க வேண்டுமானால், கான்பெரா மாதிரிக்கு முன்னால் ஈயம் வைத்தே தீர வேண்டும். பாகங்களை டேப்பால் தற்காலிகமாகக் கட்டி, பிரதானச் சக்கரம் வரும் இடத்தில் ஒரு பென்சிலைக் குறுக்கே வைத்து, மூக்கு தாழும் வரை தூண்டில் ஈயக் குண்டுகளை விமானியறைக்குப் பின்னால் சேர்த்துக்கொண்டே போங்கள். தாழ்ந்தபின் வர்ணத்துக்காகவும் பட்டிக்காகவும் இன்னும் ஒன்றிரண்டு சேருங்கள். அந்த ஈயத்தை எபாக்ஸிப் பசையால் மட்டுமே பதிக்க வேண்டும். மரவேலைக்கு உதவும் வெள்ளைப் பசையில் பதித்தால், சில வருஷங்களில் ஈயம் வெண்பொடி பூத்துப் பருத்து, உடலை உள்ளிருந்தே பிளந்துவிடும். நண்பர் ஒருவருடைய அலமாரியில் எந்தக் கையும் படாமல் தையல் விட்டு வாய் பிளந்து நின்ற விமானத்தைக் கண்ணால் கண்டிருக்கிறேன். ஈயத்தைத் தொட்ட கையைச் சாப்பிடுமுன் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

உடலை மூடி, பட்டி பார்த்து, தேய்த்து, சாம்பல் நிறப் பிரைமரைத் தெளித்த பிறகு, மூல மாதிரியின் குண்டறைக் கதவுக் கோடுகளைக் கவனியுங்கள். வேவு விமானத்தில் குண்டறையின் முற்பகுதி எரிபொருள் தொட்டியாகிவிட்டபடியால், அங்கே கதவு இல்லை. அந்தப் பகுதிக் கோடுகளைப் பட்டியால் அடைத்துவிட்டு, பின்பகுதிக்கு மட்டும் புதிய முன்விளிம்புக் கோடு ஒன்றைக் கீற வேண்டும். தொகுதியின் குறிப்புத்தாளில் இது சொல்லப்படாமல் போனாலும் நீங்கள் செய்யத் தவறாதீர்கள்.

கண்ணாடி மூடியும் மூக்குக் கண்ணாடியும் தெளிவான தகட்டில் தனியாக வார்க்கப்பட்டிருக்கும். மூல மாதிரியில் தட்டை ஜன்னலோடு வந்த மூக்கை ஒதுக்கிவிட்டு, தொகுதியில் உள்ள உருண்ட மூக்கையே வையுங்கள். வெட்டுமுன் குழிந்த பக்கத்தில் களிமண் பொம்மை செய்யும் பிளாஸ்டிஸினை நிறைய அடைத்துக்கொண்டால், கத்தி அழுந்தும்போது கண்ணாடி நசுங்காது, விரிசலும் விடாது. இதை ஒட்டுவதற்கோ, ஈயத்துக்கு ஆகாது என்று சொன்ன வெள்ளைப் பசையே சிறந்தது. உடனடிப் பசையின் ஆவி கண்ணாடியைப் பனிமூடியதுபோல் வெளுக்கச் செய்துவிடும், பாலிஸ்டைரின் கரைப்பானோ இந்தத் தகட்டைப் பிடிப்பதே இல்லை.

வர்ணத்தைப் பற்றி நீளச் சொல்ல வேண்டியதில்லை. பிரிட்டிஷ் வேவு கான்பெராக்கள் ஆரம்பத்தில் மேலே கடற்சாம்பலும் கீழே வேவுப் பிரிவின் நீலமும் பூண்டிருந்தன; பிற்பாடு வெள்ளி பூசியவையும் உண்டு. எந்த வருஷத்து விமானத்தைச் செய்கிறீர்களோ அந்த வருஷத்துப் புகைப்படம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டே தொடங்குங்கள். வெள்ளி என்றால் அது பூசிய வெள்ளி வர்ணமே அன்றி, பளபளக்கும் உலோகத் தோல் அல்ல. ஆகவே அலுமினிய வர்ணத்தை மெல்லிய பூச்சுகளாகத் தெளிப்பதே பொருத்தம். வெள்ளி ஒரு கீறலையும் மறைக்காது என்பதால், இணைப்பின்மேல் ஒரு பூச்சுத் தெளித்து, பக்கவாட்டு வெளிச்சத்தில் உடலைச் சுழற்றிப் பார்த்து, பள்ளம் தெரிந்த இடத்தில் மறுபடி பட்டி பார்த்துத் தேயுங்கள். எனக்கு இது சாதாரணமாக மூன்று தடவை தேவைப்படுகிறது.

சின்னங்கள் ஒட்டி, மேல்வார்னிஷ் காய்ந்த பிறகே காமிரா வில்லைகளை வையுங்கள். தெளிவான அசிட்டேட் தகட்டில் காகிதம் துளைக்கும் கருவியால் வட்டம் வெட்டி, வளையத்தின்மேல் ஒரு துளி வெள்ளைப் பசை தடவி, ஈரமான தீக்குச்சி முனையால் வில்லையை எடுத்து வெளியிலிருந்தே இறக்கி, இரவு முழுவதும் விமானத்தைத் தலைகீழாகத் துணிமேல் கிடத்தி வைத்து, காலையில் சக்கரங்களில் நிறுத்திப் பாருங்கள்.